காலி வளையங்கள்

கோசோ வில்மாவின் அறையில் இருபத்திரண்டு வருடமாக ஒரு பூஞ்சை கூட எட்டிப் பார்த்ததில்லை. இதை அவளே சொல்லுவாள். கேட்டாலும் சொல்லுவாள், கேட்காவிட்டாலும் சொல்லுவாள். எதிரே நிற்பவர் லேசாகப் புருவத்தைத் தூக்கினால் போச்சு, அன்றைய வேலை அதோடு சரி.

ஹங்கேரியின் செகெட் ஊரில், திசா ஆற்றங்கரையை ஒட்டிய பழைய ஆய்வுக்கூடத்தின் மூன்றாம் மாடியில், ஜன்னலே இல்லாத ஒரு அறை அவளுடையது. அங்கே அவள் மனிதக் கண்ணின் செல்களைத் தட்டுத் தட்டாக வளர்த்தாள். வேளாவேளைக்குத் தீனி, கூட்டம் அதிகமானால் இடமாற்றம், உடம்புச் சூட்டில் வைத்துப் பாதுகாப்பு. ஒரு தும்மல் போதும், ஒரு நிமிஷம் மூடி திறந்து கிடந்தால் போதும், மூன்று வாரப் பாடு குப்பைக்குப் போகும். வில்மாவிடம் போனதில்லை. பன்றித் தடுப்பூசி செய்யும் இடத்தில் எட்டு வருடம் வேலை பார்த்துக் கற்ற கை அது.

கணவன் ஒருவன் இருந்தான். சைக்கிள் கடை வைத்திருந்தான். "உன் தட்டுங்களுக்குக் காட்டுற அக்கறையில பாதி எனக்குக் காட்டக் கூடாதா?" என்று ஒருநாள் கேட்டான். "நீ ஒருநாளாவது கிரீஸ் கையைக் கழுவிட்டு வந்து கேளு, யோசிக்கிறேன்" என்றாள். அவன் கெச்கெமெட் என்ற ஊருக்குப் போய்விட்டான். அவள் அழவில்லை என்று சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை பூராவும் அழுதாள். திங்கட்கிழமை செல்களுக்குத் தீனி போட வேண்டியிருந்தது, வந்துவிட்டாள்.

இப்போது அவளுக்கு ஐம்பத்து நான்கு வயது. மூன்று வருடமாக அங்கே நடந்த வேலை என்னவென்றால், பாப்ரிகா மிளகாயின் சிவப்பைக் கண் செல்லின் சவ்வுக்குள் கொண்டுபோய் உட்கார வைப்பது. உட்கார வைத்துவிட்டால், கூசும் வெளிச்சத்தை அந்தச் செல் கூடுதலாகத் தாங்குகிறதா என்று பார்க்கலாம். கேட்பதற்கு எளிது. ஆனால் அந்தச் சிவப்பு எண்ணெயில் கரையும், தண்ணீரைக் கண்டால் ஆகாது. செல்லோ தண்ணீரில் வாழ்வது. சிவப்பை அப்படியே தண்ணீரில் போட்டால் அடியில் வண்டலாகக் கிடக்கும், செல் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. சவ்வு கொழுப்பாலான மெல்லிய உறை. அங்கே சேர்ந்துவிட்டால் சிவப்புக்கு அது சொந்த வீடு. போய்ச் சேர்வதுதான் பாடு. அதற்குத்தான் யெனோவின் வளையங்கள்.

யெனோ இரண்டாம் மாடி வேதியியல் அறைக்காரர். வயது அறுபத்தொன்று. மக்காச்சோள மாவுச்சத்திலிருந்து வருகிற ஒரு சர்க்கரை உண்டு. அதன் மூலக்கூறு ஒரு வளையம். வெளிப்பக்கம் தண்ணீரோடு ஒத்துப்போகும், நடுக்குழி எண்ணெய்ப் பசையோடு ஒத்துப்போகும். அந்தக் குழியில் சிவப்பை ஏற்றித் தண்ணீரில் விட்டால், பரிசல் மாதிரி செல்லின் கரைக்குப் போய் ஆளை இறக்கி விட்டுவிடும். ஆனால் இந்தப் பரிசலுக்கு ஒரு கெட்ட புத்தி. காலியாகப் போனால் சும்மா திரும்பாது, சவ்விலிருக்கும் கொலஸ்ட்ராலை ஏற்றிக்கொண்டு வந்துவிடும். காலி வளையங்கள் கூட்டமாகப் போய் இறங்கினால் உறை நைந்து, செல் உருண்டு திரண்டு செத்து மிதக்கும். ஆகவே சிவப்பை ஒழுங்காக ஏற்றத் தெரிந்த கைதான் எல்லாம். அந்தக் கை யெனோவுடையது. ஹங்கேரி முழுக்கத் தேடினாலும் அந்த மாதிரி நாலு கை கிடைக்காது என்று வில்மாவே சொல்லியிருக்கிறாள், அவர் இல்லாத இடத்தில்.

இருக்கும் இடத்தில் பேச்சே வேறு. பத்தொன்பது வருடமாக இருவருக்கும் ஏழாம் பொருத்தம். வில்மா ரோஸ்கெ கிராமத்துக்காரி, ஆய்வுக்கூடத்துக்கு வரும் மிளகாயே அவள் அண்ணன் வயலில் விளைந்ததுதான். அதனால் யெனோ அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட நாட்கள் குறைவு.

"ஏம்மா மிளகாய்க்காரி, என் புட்டியை இப்படியா பிடிப்ப? குழந்தையைக் காதைப் பிடிச்சுத் தூக்குற மாதிரி!"

"யோவ், என் வாசல் வரைக்கும்தான் அது உன் புட்டி. தாண்டினா என் புட்டி. அந்தப் பக்கமே நில்லு, உன் சட்டையில என்னென்ன ஒட்டியிருக்கோ."

"என் சட்டையில ஒட்டியிருக்கிறது உன் செல்லைவிட சுத்தம்."

இப்படித்தான் அவர்கள் ஒருவருக்கொருவர் காலை வணக்கம் சொல்லிக்கொண்டார்கள். ஆய்வுக்கூடத் தலைவி டாக்டர் எனிகோ, இருவரையும்விட வயதில் சின்னவள், முதலில் பயந்தாள், பிறகு பழகிவிட்டாள். வசந்த காலத்தில் சோதனை கைகூடியது. சிவப்பு உள்ளே போயிற்று, செல்கள் பிழைத்திருந்தன. யெனோ ஒரு பாட்டில் பிளம் சாராயம் கொண்டுவந்து எல்லோருக்கும் ஊற்றினார், வில்மாவுக்கு மட்டும் அரைக் கோப்பை. "கை நடுங்கினா என் புட்டி போயிடும்" என்றார்.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு தட்டின் ஓரத்தில், பஞ்சுப் பிசிறு மாதிரி, சாம்பல் நிறத்தில் ஏதோ தெரிந்தது. வில்மா அதை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். பூஞ்சை.

அவளுக்குக் காது மடல் வரை சுட்டது. தட்டை எடுத்துக் கிருமி கொல்லும் கொதிகலத்தில் போட்டுவிட்டு, படியில் தடதடவென்று இறங்கி இரண்டாம் மாடிக்குப் போனாள்.

"என் கையில இருந்து வந்திருக்காது. என் காத்துல இருந்தும் வராது. உன் புட்டியில இருந்துதான் வந்திருக்கு."

"என் பொடி, என் தண்ணி எல்லாத்தையும் சுத்தம் பண்ணித்தான் கலக்குறேன். பூஞ்சை உன் மூக்குல இருந்து வந்திருக்கும். நீ வாயை மூடினாலும் மூக்கு பேசும்."

"பார்த்துக்கிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

மறுநாளிலிருந்து அவள் ஒரு காரியம் செய்தாள். யெனோவின் திரவத்தைச் செல்களுக்குக் கொடுக்கும் முன், ஊசிக்குழாயில் உறிஞ்சி, முனையில் காசளவு பிளாஸ்டிக் வடிகட்டி ஒன்றை மாட்டி, அதன் வழியாக அழுத்தி இறக்கினாள். பூஞ்சையோ கிருமியோ அந்தத் துளைகளில் நுழையாது. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, குறிப்பேட்டிலும் எழுதவில்லை. மறைக்க வேண்டும் என்று அல்ல. சமைக்கிறவள் கை கழுவியதைச் சமையல் குறிப்பில் எழுதுவாளா? அப்படித்தான் அவளுக்கு அது.

செப்டம்பர் முதல் வாரத்தில் செல்கள் சாகத் தொடங்கின.

ஒரு தட்டு, இரண்டு தட்டு இல்லை, கொடுத்த தட்டெல்லாம். காலையில் பார்த்தால் உருண்டை உருண்டையாக மிதந்தன. எனிகோ வந்து பார்த்தாள். பார்த்ததும் அவள் முகம் மாறியது, ஏனென்றால் இந்தச் சாவை எல்லோரும் முன்பே பார்த்திருக்கிறார்கள். சோதனையின் தொடக்கத்தில் வேண்டுமென்றே காலி வளையங்களை மட்டும் கொடுத்துப் பார்த்தபோது செல்கள் இப்படித்தான் செத்தன.

"யெனோ, வளையத்துல சிவப்பு ஏறலையோ?" என்று எனிகோ மெதுவாகத்தான் கேட்டாள்.

"ஏறியிருக்கு. மெஷின்ல வெச்சுப் பார்த்தேன். சிவப்பு முழுசா இருக்கு."

"சிவப்பு இருக்குன்னு மெஷின் சொல்லும். உள்ள உட்கார்ந்திருக்கா, பக்கத்துல சும்மா மிதக்குதான்னு அதுக்குத் தெரியாதே. செல்லுக்குத்தான் தெரியும்."

வில்மா சும்மா இருந்திருக்கலாம். இருந்தால் அவள் வில்மா இல்லை. "நான் அப்பவே சொன்னேன், கேட்டாத்தானே. உன் வளையம் காலியா வருதுய்யா. அறுபது தாண்டியாச்சு, கண்ணாடியை மாத்து, இல்ல கையை மாத்து" என்று வெளுத்து வாங்கினாள். வழக்கமான வாய்தான். யெனோவும் பதிலுக்கு நாலு வார்த்தை விடுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு அவர் மறுபடி செய்தார். புதுப் பொடி, புது மிளகாய்ச் சாறு, புதுப் புட்டி. செல்கள் செத்தன. மூன்றாவது முறையும் நான்காவது முறையும் அதே கதை. ஒவ்வொரு தடவையும் யெனோ கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டார், தராசில் நிறுத்ததையே திரும்ப நிறுத்தார், எனிகோவைக் கூப்பிட்டு "கொஞ்சம் அளவைச் சரி பார்த்துச் சொல்றீங்களா?" என்று கேட்க ஆரம்பித்தார். இருபது வருடமாக ஊருக்கே அளவு சொன்ன மனுஷன்.

செப்டம்பர் நடுவில் எனிகோவின் பெயர்நாள் வந்தது, பிறந்தநாள் மாதிரி அதையும் அங்கே கொண்டாடுவார்கள். கேக் வெட்டினார்கள். வில்மா ஒரு துண்டை எடுத்துக்கொண்டு போய், "இந்தா, தின்னு. இதுல வளையம் கிடையாது, தைரியமா தின்னலாம்" என்றாள்.

"ரொம்ப நன்றிங்க. எனக்கு வேண்டாம். நீங்க சாப்பிடுங்க" என்றார் யெனோ.

வில்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நீங்களாம், நன்றியாம். அவர் கோபத்தில் கத்தியிருந்தால் தாங்கியிருப்பாள். கேக்கைத் தானே தின்றாள், ருசி தெரியவில்லை. அன்றிலிருந்து அவர் புட்டியைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு, கதவை மெல்லத் தட்டிவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போனார். அந்த மரியாதை அவளுக்குப் பிடிக்கவே இல்லை. ஆனாலும் தப்பு அவருடையதுதான் என்பதில் அவளுக்கு அப்போது ஒரு இம்மியளவு சந்தேகம்கூட இல்லை.

அக்டோபரில் எனிகோ வில்மாவைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"வில்மாக்கா, யெனோ லெட்டர் கொடுத்துட்டார். இந்த மாசத்தோட போறாராம். புதன்கிழமை கூட்டத்துல சொல்லிடலாம்னு இருக்கேன்."

"போறதுக்கு என்ன? ஓய்வுக்கு இன்னும் நாலு வருஷம் இருக்கே."

"கை போயிடுச்சுங்கிறார். 'நான் கலக்கினதை நானே நம்ப முடியலை, அப்புறம் எதுக்கு உட்கார்ந்திருக்கணும்'னு கேட்டார். நான் என்ன பதில் சொல்றது?"

வில்மா தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுகை வரும் போலிருந்தது, செல்களுக்கு முன்னால் அழக் கூடாது என்று அடக்கிக்கொண்டாள். யெனோவின் கைமேல் அவர் வைத்திருந்த நம்பிக்கை எப்படிப்பட்டது என்று அவளுக்குத் தெரியும். மனைவி போன பிறகும், மகன் கண்காணாத ஊருக்குப் போன பிறகும், அவர் தினமும் காலை எட்டு மணிக்கு வந்து தராசின் முன் உட்கார்ந்தது அந்தக் கையை நம்பித்தான். அது போய்விட்டது என்று நினைத்துக்கொண்டே அவர் இந்தக் கட்டிடத்தை விட்டுப் போனால், அப்புறம் வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வார்?

அடுத்த திங்கட்கிழமை அவளுக்குக் கட்டை விரல் வலித்தது. சில வாரமாகவே வலிதான். ஊசிக்குழாயை முன்பைவிட அழுத்தித் தள்ள வேண்டியிருந்தது. வடிகட்டி செய்கிறவர்களை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே காலை வேலையை முடித்தாள். குப்பை டப்பா நிறைந்திருந்தது, அதனால் கடைசி வடிகட்டியை மேல்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு காபி குடிக்க நடைபாதைக்கு வந்தாள். ஜன்னலோரம் நின்று சர்க்கரைக் கட்டிக்காகப் பையில் கைவிட்டபோது கையில் அந்த வடிகட்டி வந்தது.

செக்கச் செவேல் என்று இருந்தது.

வில்மா அதைத் திருப்பிப் பார்த்தாள். அண்ணன் வயல் மிளகாயின் அதே சிவப்பு. இது எங்கிருந்து வந்தது? இப்போதுதானே பார்த்தோம், வெள்ளையாகத்தானே இருந்தது? அறைக்குள் திரும்பப் போனாள். வெள்ளை. நடைபாதைக்கு வந்தாள். சிவப்பு. மறுபடி உள்ளே போனாள், வெள்ளை. யாராவது பார்த்திருந்தால் இவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள்.

மூன்றாம் தடவை உள்ளே போனபோது தலைக்கு மேல் இருந்த விளக்கை நிமிர்ந்து பார்த்தாள். அட கடவுளே.

மிளகாய்ச் சிவப்புக்கு வெளிச்சம் பகை. சாதாரண வெளிச்சத்தில் சீக்கிரமே வெளுத்துக் கெட்டுவிடும். அதனால் புட்டிக்கு அலுமினியத் தாள் சுற்றுவது சட்டம், அதைத் திறக்கும் அறையில் மங்கலான சிவப்பு விளக்கு மட்டும் எரிவது சட்டம். சிவப்பு வெளிச்சத்தை அந்த நிறமி சட்டை செய்யாது. சிவப்பு வெளிச்சத்தில் சிவப்பும் வெள்ளையும் ஒன்றுதான். ஏழு வாரமாக வடிகட்டி சிவந்துகொண்டே இருந்திருக்கிறது, அவள் கண்ணெதிரே, ஒரு சாண் தூரத்தில். கீழே இறங்கிய திரவம் வெறும் தண்ணீராக வெளுத்திருக்கிறது. அதையும் அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

மிச்சம் தானாகவே புரிந்தது. சிவப்பு ஏறிய வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கூட்டமாக நிற்கும், யெனோவே நூறு தடவை சொல்லியிருக்கிறார். கூட்டம் வடிகட்டியின் துளையில் நுழையாது. எந்தப் புட்டியிலும் காலி வளையங்கள் கொஞ்சம் மிச்சம் இருக்கும், அவை தனித்தனியாக வழுக்கிக்கொண்டு நுழைந்துவிடும். அதாவது, ஏறிவந்த பயணிகளையெல்லாம் வாசலிலேயே நிறுத்திவிட்டு, காலிப் பரிசல்களை மட்டும் செல்களிடம் ஏவி விட்டிருக்கிறாள். செல்களைக் கொன்றது அவள். யெனோ ஒவ்வொரு தடவையும் சரியாகத்தான் செய்திருக்கிறார்.

காபியை அப்படியே வைத்துவிட்டு இரண்டாம் மாடிக்கு ஓடினாள். யெனோவின் அறை பூட்டியிருந்தது. படியில் எனிகோ எதிரே வந்தாள்.

"யெனோ எங்க?"

"ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கார். வெளிய சொல்ல வேண்டாம்னார்... நரம்பு டாக்டர்கிட்ட. கை நடுங்குதான்னு பார்க்க."

வில்மா நேராகப் பொதுக் குளிர்பெட்டிக்குப் போய் அதைத் திறந்தாள்.

உள்ளே யெனோவின் கடைசிப் புட்டி இருந்தது. தாளின் மேல் அவருடைய சின்னச் சின்ன எழுத்தில் "தவறு" என்று எழுதி, தேதி போட்டு, கீழே கையெழுத்தும் போட்டிருந்தார். தவறுக்குக்கூட கையெழுத்துப் போடுகிற மனுஷன். வில்மா அதை எடுத்துக்கொண்டு போய், வடிகட்டி இல்லாமல், புதுத் தட்டில் இருந்த செல்களுக்குக் கொடுத்தாள்.

மறுநாள் மத்தியானம் பார்த்தாள். செல்கள் தட்டில் அகலமாகக் கால் பரப்பி உட்கார்ந்திருந்தன, ஒன்றுகூட மிதக்கவில்லை. கழுவி, சுரண்டி எடுத்து, குழாயில் போட்டுச் சுழற்றினாள். அடியில் எள்ளளவு ஒரு துளி சேர்ந்தது. சிவப்பு விளக்கை இனி நம்புவாளா? குழாயை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்கு வந்தாள். துளி நல்ல மிளகாய் நிறத்தில் இருந்தது. சிவப்பு செல்லுக்குள் போய்ச் சேர்ந்திருந்தது.

அன்று மாலை டிராம் நிறுத்தத்தில் நின்றபோது அவளுக்கு ஒரு நினைப்பு வந்தது, வராமல் இருக்க அவள் என்ன தேவதையா? யாருக்கும் தெரியாது. நாளையிலிருந்து வடிகட்டியை விட்டுவிட்டால் செல்கள் பிழைத்துவிடும். "புட்டி இப்போ சரியாயிடுச்சு" என்று எல்லோரும் சந்தோஷப்படுவார்கள். இருபத்திரண்டு வருடக் கணக்கு அப்படியே நிற்கும். ஆனால் யெனோ? தன் கை ஏழு வாரம் கெட்டுப்போய், ஏதோ தெய்வாதீனமாகக் கடைசியில் ஒரு தடவை சரியாக வந்தது என்று நினைத்துக்கொண்டே போய்விடுவார். லெட்டரைத் திரும்ப வாங்க மாட்டார். அவள் வந்த டிராமில் ஏறாமல் நின்றாள். "த்தூ, உன் புத்தியைக் கொண்டுபோய் ஆத்துல போடு" என்று தன்னையே சத்தமாகத் திட்டினாள். பக்கத்தில் நின்ற அம்மாள் ஒருத்தி இரண்டடி தள்ளி நின்றுகொண்டாள்.

புதன்கிழமை கூட்டம். நீள மேஜை, வெள்ளை விரிப்பு, ஒரு தட்டு நிறைய உப்புப் போகாச்சா ரொட்டி. யெனோ சுத்தமாகச் சவரம் செய்து, கழுத்துப்பட்டை கட்டி வந்திருந்தார், விடைபெற வந்தவர் மாதிரி. எனிகோ தொண்டையைச் செருமினாள்.

"யெனோ நமக்கெல்லாம்..."

"ஒரு நிமிஷம் டாக்டர்" என்று வில்மா எழுந்தாள். பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து வெள்ளை விரிப்பின் மேல் கொட்டினாள். பதினொரு வடிகட்டிகள். அந்த வாரக் குப்பைச் சாக்கை அறுத்துத் தேடி எடுத்தவை. ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றும் செவசெவவென்று கிடந்தது.

"இது என் வேலை. செப்டம்பர் ஒண்ணாம் தேதியில இருந்து யெனோ புட்டியை நான் வடிகட்டிக் கொடுத்திருக்கேன். யார்கிட்டயும் சொல்லலை, நோட்டுலயும் எழுதலை. சிவப்பெல்லாம் இதுல நின்னுடுச்சு. காலி வளையம்தான் செல்லுக்குப் போச்சு. என் ரூம் லைட்டுல எனக்கு எதுவும் தெரியலை. அவர் 'தவறு'ன்னு எழுதி வெச்ச புட்டியையே வடிகட்டாம கொடுத்துப் பார்த்தேன். இதோ." குழாயை வைத்தாள். "செல் உசிரோட இருக்கு, சிவப்பும் உள்ள இருக்கு. அவர் கையில ஒரு குறையும் இல்லை. என் கையிலதான் இருந்துச்சு."

எனிகோ குழாயை எடுத்துப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது, உடனே வில்மாவைப் பார்த்துச் சங்கடப்பட்டாள். "சரிக்கா, விடுங்க. நோட்டுல 'முறையில் திருத்தம்'னு போட்டுக்கலாம். பேரெல்லாம் வேண்டாம்."

"பேரு வேணும்" என்றாள் வில்மா. "அவரைத் திட்டும்போது பேர் சொல்லித்தானே திட்டினேன்." குறிப்பேட்டை இழுத்து, நின்றுகொண்டே எழுதினாள். செப்டம்பர் ஒன்றிலிருந்து அக்டோபர் இருபது வரை இந்த அறையில் செல்கள் இறந்ததற்குக் காரணம் நான் போட்ட வடிகட்டி, யெனோவின் தயாரிப்பில் குறையில்லை, கோசோ வில்மா. மை காயட்டும் என்று ஊதினாள்.

யெனோ ஒரு வடிகட்டியை எடுத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார்.

"ஏழு வாரம்" என்றார்.

"ஆமா."

"ஆஸ்பத்திரி டாக்டர் என் முன்னால உட்கார்ந்து, 'விரலை நீட்டுங்க, மூக்கைத் தொடுங்க'ன்னான். சின்னப் பையன் மாதிரி தொட்டேன். வீட்டுக்குப் போய்க் காபிக் கோப்பையைப் பிடிக்கவே பயமா இருந்துச்சு. தெரியுமா உனக்கு?"

"தெரியாது" என்றாள் வில்மா. "மன்னிச்சிடு யெனோ. ரொம்பத் தப்புப் பண்ணிட்டேன்."

அவர் முகம் கோபத்தில் கன்றிப் போயிருந்தது. வடிகட்டியை விரிப்பின் மேல் வைத்துவிட்டு, எழுந்து கதவைத் திறந்துகொண்டு போனார். கதவு பெருஞ்சத்தத்தோடு அடித்துக்கொண்டது. போகாச்சாவை யாரும் தொடவில்லை.

அன்று முழுக்க வில்மா மேலேயே இருந்தாள். தட்டுகளைத் துடைத்தாள், துடைத்ததையே துடைத்தாள். அவர் மன்னிக்காவிட்டாலும் பரவாயில்லை, போகாமல் இருந்தால் போதும் என்று நினைத்தாள். கீழே போய்க் கேட்கக் கால் வரவில்லை. யாருக்கும் பயப்படாதவளுக்கு அந்த இருபது படி இறங்கப் பயமாக இருந்தது.

மறுநாள் காலை எட்டரைக்கு, இனியும் தாங்காது என்று இறங்கினாள். யெனோவின் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. அவர் தராசின் முன் உட்கார்ந்திருந்தார், சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டு. சின்னக் கரண்டியின் நுனியில் வளையப் பொடி. சுட்டுவிரலால் கரண்டியின் காம்பைத் தட்டித் தட்டி இறக்கிக்கொண்டிருந்தார். பொடி மூன்று துகள், நான்கு துகளாக விழுந்தது. சரி பார்த்துச் சொல்ல எனிகோ பக்கத்தில் இல்லை. எண்ணைப் பார்த்தார், எழுதினார், அடுத்ததை எடுத்தார். நிறுத்ததை அவர் திரும்ப நிறுக்கவில்லை.

வில்மா சத்தம் காட்டாமல் உள்ளே போய் அவர் தோளுக்குப் பின்னால் நின்றாள். அந்தக் கையைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு நெஞ்சு நிறைந்து வந்தது.

"யெனோ, அந்த லெட்டர்..."

"நேத்தே திரும்ப வாங்கியாச்சு" என்றார் அவர், திரும்பாமலே. "பின்னால நின்னு புஸ்புஸ்னு மூச்சு விடாதே, தராசு ஆடுது. மூச்சு விடணும்னா வெளிய போய் விடு."

வில்மா வெளியே போய், நடைபாதையில் நின்று, மூச்சு விட்டாள்.